ஒட்டுறவு குறைவு, பற்றாக்குறை ஒருசேர: இரு மாறிகளின் பகுதி மொமென்ட் கணக்கிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று காற்றாலைத் தளங்களில் எந்த இரண்டை ஒரே பேட்டரிச் சேமிப்பகத்தோடு இணைக்கலாம் என்று ஒரு பகுப்பாய்வுக் குழு விடை தேடியபோது நடந்தவற்றின் பதிவு இது. கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பில் நான் இருந்தேன். பயன்படுத்திய அளவு பகுதி மொமென்ட்: ஓர் இலக்குக்குக் கீழே அல்லது மேலே விழும் விலகல்களை மட்டும் எடுத்துச் சராசரி காண்பது. சூத்திரம் எளிமையானது, ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும்போது இடறும் இடங்கள் பல. அவற்றில் சில தவறான முடிவையே நல்ல முடிவுபோல் காட்டக்கூடியவை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

அந்த மின் உற்பத்தி நிறுவனம் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு மின்சாரம் தருகிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். உற்பத்தி குறைந்தால் வெளியிலிருந்து வாங்கி ஈடுகட்ட வேண்டும். இரண்டு தளங்களுக்குப் பொதுவாக ஒரு சேமிப்பகம் அமைத்தால் பற்றாக்குறையின் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம் என்பது திட்டம். தளங்களை இங்கே அ, ஆ, இ என்று குறிக்கிறேன்.

முதல் வரைவு அறிக்கை ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரண்டு உற்பத்திகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று −1 முதல் 1 வரை காட்டும் எண்ணை மட்டுமே நம்பியது. அ–ஆ ஜோடியின் கெழு பூச்சியத்தை ஒட்டி இருந்தது. அ–இ ஜோடியின் கெழு தெளிவான நேர்மறை எண். ஆகவே அ–ஆ ஜோடியில் ஒன்று குறையும்போது மற்றது கைகொடுக்கும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. காற்று ஓயும் இரவுகளில் அ, ஆ இரண்டும் ஒன்றாகவே படுத்துவிடுகின்றன என்பது அவர்கள் நேரில் கண்டது. அந்த அனுபவத்தைக் குழுவின் மூத்த பகுப்பாய்வாளர் தள்ளிவிடவில்லை. கெழு சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டார். இருக்க முடியும். எப்படி என்பதிலிருந்துதான் இந்த ஆய்வே தொடங்கியது.

தரவில் முதலில் தெரிந்தவை

காற்றாலையின் உற்பத்தி, சராசரியைச் சுற்றிச் சமச்சீராக அமையும் மணி வடிவ இயல்நிலைப் பரவலோடு ஒத்துப்போவதே இல்லை. காற்றின் வேகம் வினாடிக்கு மூன்று நான்கு மீட்டருக்குக் கீழே இருந்தால் விசிறி மின்சாரம் தருவதில்லை. அதற்கு மேல், கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. இயந்திரத்தின் உச்ச அளவைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறது. விளைவாக, பூச்சியத்தில் ஒரு குவியல், உச்சத்தில் ஒரு குவியல், நடுவில் வளைந்த ஒரு பரப்பு. இப்படிப்பட்ட இரண்டு மாறிகளை ஒரு சராசரி, ஒரு பரவற்படி (சராசரியிலிருந்து விலகிய அளவுகளின் வர்க்கங்களின் சராசரி), ஒரு கெழு என்று சுருக்கினால் கேள்விக்குத் தேவையான பகுதியே தொலைந்துபோகும். பரவலின் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்காத பண்பளவைசாரா முறை இங்கே வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

அ–ஆ ஜோடியின் சிதறல் படத்தில் இரு சராசரிகளிலும் கோடு கிழித்து நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தபோது புதிர் அவிழ்ந்தது. கீழ் இடப்பக்கம், அதாவது இரண்டும் குறைந்த பகுதியில் புள்ளிகள் அடர்த்தியாக இருந்தன. காற்று வலுத்த நாட்களிலோ ஒன்று ஏற மற்றது இறங்கியது. எதிர்த்திசைக் கால்பகுதிகள் இரண்டும் கனத்திருந்தன. ஒட்டுறவுக் கெழுவின் தொகுதியில் (பின்னத்தின் மேல் எண்ணில்) இருக்கும் உடன் மாறுபாட்டு அளவை, அதாவது இரு விலகல்களின் பெருக்கற்பலன்களின் சராசரி, இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் ஒரே எண்ணாகிறது. கீழ்ப்பகுதியின் இணைவை மேலே உள்ள எதிர்த்திசை ஓட்டம் கழித்துவிட்டது. கெழு பூச்சியத்தை ஒட்டி வந்ததன் காரணம் அது. உறவு இல்லாததால் வந்த பூச்சியம் அல்ல அது.

ஏன் பகுதி மொமென்ட்

ஒரு மாறிக்கான கீழ்ப்பகுதி மொமென்ட் எளியது. இலக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மதிப்பும் இலக்குக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்கிறோம். மேலே இருந்தால் பூச்சியம். அந்தக் குறைவை வேண்டிய படிக்கு உயர்த்தி, மொத்த மதிப்புகளின் எண்ணிக்கையால் சராசரி எடுக்கிறோம். மேற்பகுதி மொமென்ட் இதன் மறுபக்கம். இடர் என்பது கீழ்ப்பக்கம் மட்டுமே என்ற எண்ணம் நிதியியலில் பழையது. 1959-இலேயே பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ், கீழ்ப்பக்க விலகல்களை மட்டும் அளக்கும் அரைப் பரவற்படியைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இரண்டு மாறிகள் என்றால் நான்கு பகுதி மொமென்ட்கள் கிடைக்கும். இரண்டும் இலக்குக்குக் கீழே இருப்பது இணைக் கீழ்ப்பகுதி. இரண்டும் மேலே இருப்பது இணை மேற்பகுதி. முதலாவது மேலேயும் இரண்டாவது கீழேயும் இருப்பது எதிர்த்திசைக் கீழ்ப்பகுதி. அதன் தலைகீழ் எதிர்த்திசை மேற்பகுதி. ஒவ்வொன்றிலும் இரு விலகல்களையும் அவற்றுக்குரிய படிக்கு உயர்த்திப் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில், பண்பளவைசாரா கணக்குகளுக்கென்றே உள்ள என்என்எஸ் (NNS) தொகுப்பில் இந்த நான்கிற்கும் தனித்தனி ஃபங்ஷன்கள் உண்டு. இந்தக் குழு தங்கள் கணினி அமைப்போடு பொருந்த வேண்டும் என்பதற்காகச் சொந்தமாகவே எழுதியது.

தொடக்கத்திலேயே வரையறையில் ஒரு வாதம் எழுந்தது. குழுவில் ஒருவர் 1974-இல் நிதியியல் ஆய்வாளர்கள் ஹோகன், வாரன் இருவரும் முன்வைத்த இணை அரைப்பரவல் வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்றார். அதில் ஒரு மாறியின் கீழ்ப்பக்கத்தை மட்டுமே வெட்டி எடுப்பார்கள். மற்ற மாறியின் விலகல் இரு பக்கமும் அப்படியே நிற்கும். சந்தை முழுவதோடு ஒரு பங்கை ஒப்பிடும்போது அதற்குப் பொருள் உண்டு. இரண்டு தளங்களைச் சமமாகப் பார்க்கும்போது அது ஒத்துவராது; எந்தத் தளத்தை முதலில் எழுதுகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே இரு பக்கமும் வெட்டிய வடிவமே முடிவானது.

இலக்கும் படியும்: எடுத்த முடிவுகள்

இலக்காக எதை வைப்பது? சராசரியா, ஒப்புக்கொண்ட அளவா? இரண்டையும் வைத்துக் கணக்கிடுவதென்று முடிவானது. காரணங்கள் வேறுவேறு. சராசரியை இலக்காக வைத்து, இரு படிகளையும் 1 என்று எடுத்தால், இணைப் பகுதிகள் இரண்டையும் கூட்டி எதிர்த்திசைப் பகுதிகள் இரண்டையும் கழித்தால் உடன் மாறுபாட்டு அளவை துல்லியமாக வந்தாக வேண்டும். இது கணக்கைச் சோதிக்கும் கருவி. ஆனால் நிறுவனத்துக்கு வலிப்பது சராசரிக்குக் கீழே போவதால் அல்ல, ஒப்புக்கொண்ட அளவுக்குக் கீழே போவதால். ஆகவே முடிவெடுக்க இரண்டாவது இலக்குதான்.

தளங்களின் திறன் வேறுவேறு என்பதால் ஒவ்வொன்றின் உற்பத்தியையும் அதன் உச்சத் திறனால் வகுத்த பிறகே கணக்கு தொடங்கியது. இதைச் செய்யாமல் விட்டால் பெரிய தளம் இருக்கும் ஜோடியின் பெருக்கற்பலன் எப்போதும் பெரிதாகத் தெரியும்.

படிக்கு மூன்று தேர்வுகள். இரண்டும் 0 என்றால், இரண்டு தளங்களும் ஒரே மணியில் குறையும் நிகழ்வெண், அதாவது மொத்த மணிகளில் அப்படிப்பட்டவற்றின் பங்கு. இரண்டும் 1 என்றால் குறைவின் ஆழமும் சேரும். முதலாவது 0, இரண்டாவது 1 என்ற கலப்புப் படிதான் பொறியாளர்கள் விரும்பியது: ஒரு தளம் குறையும் மணிகளில் மற்றது எவ்வளவு குறைகிறது என்பதை அது காட்டும். இரண்டும் 2 என்று எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. ஓரிரு மோசமான மணிகள் மட்டுமே மொத்த எண்ணையும் தீர்மானித்துவிடும் என்பதால் அதை விட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முதல் ஓட்டம்: கூட்டுத்தொகை பொருந்தவில்லை

புரோகிராமை ஓட்டியதும் முதல் சோதனையே தோற்றது. நான்கு பகுதிகளையும் கூட்டிக் கழித்தால் உடன் மாறுபாட்டு அளவையைவிடப் பல மடங்கு பெரிய எண் வந்தது. பெரிய தரவில் இதைத் தேடுவது வீண் என்று கருதி, கையால் போடக்கூடிய ஐந்து ஜோடிகளைக் குழு எடுத்துக்கொண்டது: (2, 1), (4, 3), (4, 8), (6, 3), (9, 10). இரு பக்கமும் சராசரி 5.

விலகல்களின் பெருக்கற்பலன்கள் முறையே 12, 2, −3, −2, 20. மொத்தம் 29, ஐந்தால் வகுத்தால் 5.8. முதல் இரண்டு ஜோடிகளும் இணைக் கீழ்ப்பகுதியில் விழுகின்றன: 14-ஐ 5-ஆல் வகுக்க 2.8. கடைசி ஜோடி இணை மேற்பகுதி: 4. மூன்றாவது ஜோடி எதிர்த்திசை மேற்பகுதிக்கு 0.6 தருகிறது; நான்காவது எதிர்த்திசைக் கீழ்ப்பகுதிக்கு 0.4. ஆக 2.8 + 4 − 0.6 − 0.4 = 5.8. சரி.

புரோகிராம் தந்ததோ 22. காரணம் உடனே தெரிந்தது. ஒவ்வொரு கால்பகுதியின் மொத்தத்தையும் அந்தக் கால்பகுதியில் விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கையால் அது வகுத்திருந்தது: 7 + 20 − 3 − 2. சராசரி என்றதும் இருக்கும் புள்ளிகளால் வகுக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அப்படி வகுத்தால் கிடைப்பது அந்தக் கால்பகுதிக்குள் இருக்கும்போதான நிபந்தனைச் சராசரி. அது வேறு கேள்விக்கான விடை. பகுதி மொமென்ட்டில் வகுக்கும் எண் எப்போதும் மொத்த எண்ணிக்கைதான். மற்ற கால்பகுதிகளில் விழுந்தவை பூச்சியமாக உள்ளே இருக்கின்றன.

அதைத் திருத்திய பிறகும் சிறு வித்தியாசம் எஞ்சியது. கணினியின் உடன் மாறுபாட்டு ஃபங்ஷன் 29-ஐ 4-ஆல் வகுத்து 7.25 என்று தந்தது. மாதிரித் தரவுக்கு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பது வழக்கம். ஒப்பிடும் முன் அந்த விகிதத்தால் சரிசெய்துகொண்டால் போதும். பெரிய தரவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது என்பதால், 'ஏறக்குறைய சமம்' என்று விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே விடவில்லை. தசமத்தின் கடைசி இடம் வரை பொருந்தும் ஒன்றை ஏறக்குறைய என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த பிழை அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும்.

சராசரி அல்லாத இலக்குக்கும் ஒரு சோதனை தேவைப்பட்டது. இலக்கு எதுவானாலும் நான்கு பகுதிகளின் கூட்டல் கழித்தல், உடன் மாறுபாட்டு அளவையோடு இரு சராசரிகளும் தத்தம் இலக்கிலிருந்து விலகிய அளவுகளின் பெருக்கற்பலனைச் சேர்த்ததற்குச் சமம். அதே ஐந்து ஜோடிகளுக்கு இலக்கு 4 என்று வைத்தால் 5.8 + 1 × 1 = 6.8 வர வேண்டும். வந்தது.

ஒரே எண்: கலப்புப் படியில் கண்ட பிழை

அடுத்த பிழை இதைவிட ஆபத்தானது. கலப்புப் படிக் கணக்கின் முடிவுகள் அறிக்கையில் ஓர் அட்டவணையாக வந்திருந்தன. ஒவ்வொரு வரிசையும் குறைவில் இருக்கும் ஒரு தளம். ஒவ்வொரு நெடுவரிசையும் அந்நேரம் மற்ற தளத்தின் சராசரிக் குறைவு. எண்கள் வெவ்வேறாக, நம்பும்படியாகவே இருந்தன. மேலே சொன்ன கூட்டல் சோதனை படி 1-க்கு மட்டுமே என்பதால் அது இதைத் தொடவில்லை.

குழுவில் இளையவரான ஒரு பகுப்பாய்வாளர் அறிக்கை அட்டவணையை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய கட்டத்தில் கணினி சேமித்துவைத்த அணியைத் திறந்து பார்த்தார். "மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒரே எண்ணா வருது மேடம். கூட இருக்கிற தளம் மாறினா எண்ணும் மாறணும் இல்லையா?" என்று கேட்டார். மூத்தவர் தன் திரையிலும் அதையே திறந்தார். மூன்று நெடுவரிசைகளும் அப்படியே. முதல் தளம் எதுவானாலும் இரண்டாம் தளத்தின் எண் அசையவில்லை.

காரணம் பூச்சியத்தின் பூச்சிய அடுக்கு. இலக்குக்கு மேலே இருக்கும் மதிப்பின் குறைவு 0. அதைப் படி 0-க்கு உயர்த்தினால் ஆர், பைத்தான், சி ஆகிய மூன்று நிரல்மொழிகளும் 1 என்றுதான் தரும். நமக்கு வேண்டியதோ 0. அந்த மதிப்பு எண்ணிக்கையிலேயே சேரக்கூடாது. விளைவாக, முதல் தளம் குறைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1 என்று எண்ணப்பட்டு, இணைக் கீழ்ப்பகுதி மொமென்ட் என்ற பெயரில் இரண்டாம் தளத்தின் தனிக் கீழ்ப்பகுதி மொமென்ட் மட்டுமே வெளிவந்தது. கையால் போட்ட எடுத்துக்காட்டில், முதல் மாறிக்குப் படி 0, இரண்டாவதற்குப் படி 1, இலக்கு 5 என்றால் சரியான விடை (4 + 2 + 0) ÷ 5 = 1.2. புரோகிராம் தந்தது 1.6. கூடுதலான 0.4, முதல் மாறி இலக்குக்கு மேலே இருக்கும் நான்காவது ஜோடியிலிருந்து வந்தது.

அறிக்கை அட்டவணையில் இது ஏன் தெரியவில்லை? நிபந்தனைச் சராசரியாக்குவதற்காக ஒவ்வொரு வரிசையையும் அந்தத் தளம் குறைவில் இருக்கும் நிகழ்வெண்ணால் வகுத்திருந்தார்கள். அந்த நிகழ்வெண்ணை நேரடியாக எண்ணியே கண்டிருந்ததால் அது சரியாக இருந்தது. மாறாத ஓர் எண்ணைச் சரியான வேறு வேறு எண்களால் வகுத்ததும் மாறுபாடு வந்துவிட்டது. அதைவிட மோசம், அந்த மாறுபாடு தலைகீழ்த் திசையில் வந்தது. அடிக்கடி குறைவில் கிடக்கும் தளத்தின் வகுக்கும் எண் பெரிது. ஆகவே அதன் வரிசையில் எண்கள் சிறிதாகி, அதுவே நல்ல துணைபோல் தோன்றியது. இந்த ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்ப மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறேன். இந்தப் பிழை எண்களைச் சற்றே கலைத்ததோடு நிற்கவில்லை. மோசமான தளத்துக்கு நற்சான்று கொடுத்தது.

திருத்தம் சிறியது. படி 0 வரும்போது அடுக்குக் கணக்கே போடாமல், இலக்குக்குக் கீழே என்றால் 1, இல்லையென்றால் 0 என்று நேரடியாக எண்ண வேண்டும்.

அப்போது சமநிலை மதிப்புகளின் கேள்வி எழுந்தது. பதிவுகள் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டிருந்ததால், இலக்கிலேயே சரியாக நிற்கும் மதிப்புகள் நிறைய. படி 1-இல் இவற்றின் விலகல் 0 என்பதால் சிக்கல் இல்லை. படி 0-இல் உண்டு. ஐந்து ஜோடிகளோடு (5, 5) என்ற ஆறாவதைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் சமத்தை விலக்கினால் நான்கு பகுதிகளின் மொத்தம் 5/6. இரு பக்கமும் சேர்த்துக்கொண்டால் 1.5. இரண்டும் தவறு, மொத்தம் 1 ஆக வேண்டும். கீழ்ப்பகுதி சமத்தைச் சேர்க்கும், மேற்பகுதி சேர்க்காது என்று விதி வகுத்தார்கள். அப்படி வைத்தால் படி 0 கீழ்ப்பகுதி மொமென்ட் தரவின் திரள் பரவல் சார்பாகவே (ஓர் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும் மதிப்புகளின் பங்கு) அமைகிறது.

விடுபட்ட மணிகள்

பூச்சிய அடுக்கை ஆராய்ந்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. விடுபட்ட மதிப்பைக்கூடப் பூச்சிய அடுக்குக்கு உயர்த்தினால் ஆர் மொழி 1 என்றே தருகிறது. எந்த எண்ணாக இருந்திருந்தாலும் விடை 1 தானே என்பது அதன் நியாயம். கணிதமாக அது சரி. ஆனால் நம் கணக்கில், பதிவே இல்லாத மணி, குறைவில் இருந்த மணியாக எண்ணப்பட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

இங்கே விடுபட்டவை தற்செயலாக விடுபடவில்லை. இ தளத்தின் பதிவுக் கருவி, காற்று ஓய்ந்த மணிகளில்தான் அதிகம் தடைபட்டிருந்தது. அந்த வரிசைகளை நீக்கிவிடலாம் என்பது முதல் யோசனை. நீக்கினால் இ தளத்தின் மோசமான மணிகளே மறைந்து, அது நல்ல தளம்போல் ஆகிவிடும். ஆகவே துணைமின் நிலையத்தின் மீட்டர் அளவுகளிலிருந்து அந்த மணிகளை நிரப்பினார்கள். அதிலும் கிடைக்காத சில மணிகளை மூன்று தளங்களுக்கும் சேர்த்தே நீக்கினார்கள். ஜோடிக்கு ஜோடி வேறு வேறு மணிகளை நீக்கியிருந்தால் ஒவ்வொரு ஜோடியும் வேறு காலத்தைப் பேசும். எல்லா ஜோடிகளுக்கும் ஒரே மணிகள் என்றால் மட்டுமே, படி 1 இணைக் கீழ்ப்பகுதி அணி எதிர்மறைப் பரவற்படி வராத அணியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியும்.

திருத்திய கணக்கு காட்டியது

ஒப்புக்கொண்ட அளவை இலக்காக வைத்தபோது, அ–ஆ ஜோடியின் படி 0 இணைக் கீழ்ப்பகுதி, இரு தளங்களின் தனி நிகழ்வெண்களின் பெருக்கற்பலனைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தது. தளங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் இந்த இரு எண்களும் சமமாக இருக்க வேண்டும். ஆக, பூச்சியத்தை ஒட்டிய கெழு கொண்ட ஜோடிதான் பற்றாக்குறையில் ஒருசேரச் சாய்ந்தது. அ–இ ஜோடியில் அந்த வித்தியாசம் சிறிது. அதன் நேர்மறை ஒட்டுறவு பெரும்பாலும் இணை மேற்பகுதியிலிருந்து வந்தது, அதாவது நல்ல காற்றில் இரண்டும் சேர்ந்து ஏறியதால். அந்த இணைவால் சேமிப்பகத்துக்குத் தீங்கில்லை.

இந்த வித்தியாசத்தை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. மணிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் காற்று ஓய்வது தொடர்ச்சியாக வருவது. ஒரே ஓய்வில் பல மணிகள் அடங்கும். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக மறுமாதிரி எடுத்தால், விடை விழக்கூடிய நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். பல நாட்கள் கொண்ட தொகுதிகளாக எடுத்து பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து விடை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். படி 0-இல் இரு ஜோடிகளுக்கும் இடையிலான வித்தியாசம் நிலைத்தது. படி 1-இல் இடைவெளி அகலம். திசை மட்டும் மாறவில்லை. அறிக்கையில் இதை அப்படியே எழுதினார்கள். ஆழத்தைப் பற்றிய எண்ணை மேலாண்மையிடம் பெரிதாகக் காட்டும் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை.

முடிவு எடுத்த விதம்

சேமிப்பகத்தின் அளவையும் இணைக் கீழ்ப்பகுதி அணியிலிருந்தே கணக்கிடலாம் என்று ஒருவர் முன்வைத்தார்: இரு தளங்களின் படி 2 கீழ்ப்பகுதி மொமென்ட்களையும் கூட்டி, இணைக் கீழ்ப்பகுதியை இரு மடங்காக்கிச் சேர்ப்பது. பரவற்படியில் செய்வதுபோல. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை இரு தளங்களின் மொத்த உற்பத்தியின் கீழ்ப்பகுதி மொமென்ட் அல்ல, அதற்கு ஒரு மேல்வரம்பு மட்டுமே. ஒரு தளத்தின் குறைவை மற்றதன் மிகுதி ஈடுகட்டும் மணிகள் அதில் கணக்கில் வருவதில்லை. ஐந்து ஜோடிகளில் பார்த்தால், 2.2 + 4.8 + 5.6 = 12.6. இரு மாறிகளையும் கூட்டி இலக்கு 10 என்று வைத்து நேரடியாகக் கண்டால் 11.8.

ஆகவே வேலையைப் பிரித்தார்கள். எந்த ஜோடி, ஏன் என்பதற்கு நான்கு பகுதி மொமென்ட்கள். எவ்வளவு பெரிய சேமிப்பகம் என்பதற்கு, இரு தளங்களின் கூட்டு உற்பத்தியை மணி வரிசைப்படி ஓட்டிப் பார்க்கும் உருவகப்படுத்தல். பகுதி மொமென்ட்டுக்குக் கால வரிசை தெரியாது. மணிகளைக் கலைத்துப் போட்டாலும் அதே எண் வரும். பேட்டரிக்கோ வரிசைதான் எல்லாம்.

அ–இ ஜோடி தேர்வானது.

பின்னர் நடந்தது

சேமிப்பகம் இயங்கத் தொடங்கிய பிறகு அ, இ இரண்டும் ஒரே மணியில் குறைந்த நிகழ்வெண், பூட்ஸ்ட்ராப் சொன்ன இடைவெளிக்குள்ளேயே இருந்தது. ஆ தளம் அதே காலத்தில் அ-வோடு சேர்ந்து ஓய்ந்த மணிகளையும் தொடர்ந்து பதிந்துவந்தார்கள்; கட்டுப்பாட்டு அறையினர் சொன்னது மீண்டும் உறுதியானது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. காற்று ஓயும்போது அ முதலில் இறங்கியது, சில மணி நேரம் கழித்தே இ இறங்கியது. ஒரே மணியைப் பார்க்கும் கணக்கில் இவை எதிர்த்திசைப் பகுதியில் விழுந்து, ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவதாகத் தெரிந்தன. பேட்டரி மட்டும் முதலில் அ-வுக்காகவும், தொடர்ந்து இ-க்காகவும் ஓய்வின்றி வடிந்தது. சேமிப்பக அளவை வரிசைப்படியான உருவகப்படுத்தலில் கண்டிருந்ததால் தாக்குப்பிடித்தது. ஆனால் ஜோடித் தேர்வில் இந்தத் தாமதம் கணக்கில் வரவே இல்லை.

மாற்ற வேண்டியவை

குழு இப்போது ஒரு தளத்தின் மதிப்பை மற்றதன் சில மணி பிந்திய மதிப்போடு ஜோடியாக்கி, ஒவ்வொரு தாமதத்துக்கும் இணைக் கீழ்ப்பகுதியைத் தனியாகக் கணக்கிடுகிறது. அ–ஆ ஜோடியில் தாமதம் பூச்சியத்தில்தான் உச்சம்; அ–இ ஜோடியில் அது தள்ளி வருகிறது. பருவங்களையும் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். காற்றுக் காலத்தையும் ஓய்வுக் காலத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே இலக்கு வைத்தது, எதிர்த்திசைப் பகுதிகளைச் செயற்கையாகப் பெருக்கியிருக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது.

சோதனைகளின் வரிசையும் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து ஜோடிகளைக் கையால் போடுவதை, முதல் ஓட்டம் தோற்ற பிறகு செய்தார்கள். புரோகிராம் எழுதும் முன்பே அந்த எடுத்துக்காட்டு இருந்திருக்க வேண்டும். அதில் இலக்கிலேயே நிற்கும் ஒரு ஜோடியும், விடுபட்ட மதிப்புள்ள ஒரு ஜோடியும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். படி 0-க்கு மொத்தம் 1 ஆகிறதா, படி 1-க்கு உடன் மாறுபாட்டு அளவை வருகிறதா, கலப்புப் படியில் துணை மாறினால் எண் மாறுகிறதா, இரண்டு மாறிகளையும் படிகளையும் இடம் மாற்றினால் அதே விடை வருகிறதா என்ற நான்கும் இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகவே நடக்கின்றன. வகுத்த அட்டவணையோடு வகுக்காத அணியும் அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சாகிறது. இளையவர் அன்று திறந்து பார்த்த அதே அணி.